கோட்டை முதலில் கீறினேன்

ஐந்து வாசிப்புகளை நான் இட்டுக்கட்டினேன். பத்தாம் வகுப்பில் படித்த ஒரு பிள்ளை அவற்றைத் தன்னுடைய அளவீடுகள் என்று பள்ளிக்கூடத்தில் கொடுத்தாள். பிடிபட்டது. தண்டனை அவளுக்குக் கிடைத்தது. அது என் வேலை என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது மனைவி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுறதெண்டா நேர எழுதுங்கோ" என்றாள். "கோடெண்டால் நேராக் கீறுவீங்கள். கதையெண்டால் வளைச்சு வளைச்சுப் போவீங்கள்."

நேராகவே எழுதப் பார்க்கிறேன்.

இலங்கையின் வடக்கில் முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தேன். ஓய்வு பெற்றதும் மகன் எங்கள் இருவரையும் சிட்னிக்குக் கூப்பிட்டான். அவன் குடும்பம் கெல்லிவில்லில். நாங்கள் கிரவீனில் ஒரு பழைய வீட்டில் இருக்கிறோம். வந்த இரண்டாம் வருடமே கராஜில் ரியூசன் வகுப்புத் தொடங்கிவிட்டேன். இரண்டு மேசை, ஒரு வெள்ளைப் பலகை, யாரோ தெருவோரம் போட்டுவிட்டுப் போன எட்டுக் கதிரைகள். கார் வெளியே மழையில் நின்றது. சனிக்கிழமை காலையில் ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருவார்கள். பெற்றோருக்கு நான் மாஸ்டர். பிள்ளைகளுக்கு அங்கிள்.

எனக்குப் பிடித்த பாடம் வரைபு. தரவுகளை அட்டவணைப்படுத்தி வரைபாகக் கீறிக் காட்டுவதை இங்கே ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கிறார்கள். முதலில் உன் கேள்வி என்ன என்று கேட்பேன். பிறகு அட்டவணை. பிறகு எந்த வரைபு என்று தீர்மானிக்க வேண்டும். யாருக்கு எந்த விளையாட்டுப் பிடிக்கும் என்றால் பட்டை பட்டையாக நிற்கும் சலாகை வரைபு. ஒரு நாளின் நேரம் எப்படிப் பங்குபடுகிறது என்றால் வட்ட வரைபு. ஒன்று மாற இன்னொன்று எப்படி மாறுகிறது என்று பார்ப்பதானால் புள்ளிகளை வைத்து நடுவே ஒரு கோடு. அச்சுகளுக்குப் பெயரும் அலகும் வேண்டும். தலைப்புப் போடாவிட்டால் இரண்டு மார்க் வெட்டுவேன். இதில் நான் யாருக்கும் இரங்கியதில்லை.

ஒருமுறை ஒருவன் கீறிய வட்ட வரைபில் பங்குகளைக் கூட்டினால் நூற்றுப்பத்து வீதம் வந்தது.

"இந்தப் பத்து எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"எனக்குக் கிரிக்கெட் அவ்வளவு பிடிக்கும் அங்கிள்" என்றான்.

கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வருவதற்கு எதற்குப் பென்சிலும் அடிமட்டமும் என்று கேட்பார்கள். கையால் கீறினால்தான் எந்தப் புள்ளி எங்கே கிடக்கிறது, ஏன் அங்கே கிடக்கிறது என்று யோசிப்பாய் என்பேன். சரியாகத்தான் சொன்னேன். நான் அப்படி யோசித்தேனா என்பது வேறு.

ஊரில் எங்கள் ஆய்வுகூடத்தில் மூன்று நிறுத்தற்கடிகாரங்கள் இருந்தன. ஒன்று நினைத்த நேரத்தில் நின்றுவிடும். வெப்பமானிகளில் பாதி பழுது. மின்சாரமே இல்லாத வருடங்களும் இருந்தன. ஊசல் பரிசோதனையில் என்ன விடை வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் எங்கள் கருவிகளில் அது வராது. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வரைபுத்தாளில் கோட்டை முதலில் கீறிவிடுவோம். பிறகு கோட்டுக்கு மேலே இரண்டு புள்ளி, கீழே இரண்டு, கோட்டிலேயே ஒன்று. எல்லாம் கோட்டில் விழுந்தால் சந்தேகம் வரும். கடைசியாக அந்தப் புள்ளிகளைப் பார்த்து அட்டவணையை நிரப்புவோம். பரிசோதனை அட்டவணையில் தொடங்கிக் கோட்டில் முடிய வேண்டும். எங்களுடையது கோட்டில் தொடங்கி அட்டவணையில் முடிந்தது.

மாணவனாக இருந்தபோது மூத்த வகுப்புக்காரர் எனக்கு இதைக் காட்டித் தந்தார்கள். ஆசிரியரானதும் நானே வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தேன். கருவி பழுதென்பதற்காகப் பிள்ளைக்கு ஏன் மார்க் குறைய வேண்டும்? அதை நான் ஒரு உதவியாகவே நினைத்தேன். எத்தனையோ பிள்ளைகள் அந்த உதவியோடு பல்கலைக்கழகம் போனார்கள். யாரும் பிடிபடவில்லை. பழுதான கருவிகளை மாற்றித் தரச் சொல்லி நான் ஒரு கடிதம் எழுதியதாகவும் ஞாபகம் இல்லை.

அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பிலிருந்து என்னிடம் வந்தவள். வீட்டில் தாயும் அவளும் மட்டும். தாய் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அனேகமாகப் பிற்பகல் ஷிஃப்ட். வேலைக்குப் போட நீலச் சட்டை இரண்டு கொடுத்திருந்தார்கள். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். தோய்த்துக் காயப்போடுவது மகளின் பொறுப்பு. சட்டை ஈரமாக இருந்த நாள்களில் தாய் அதை அப்படியே போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார்.

பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக ஒரு கேள்வியை எடுத்து, அளந்து, வரைபோடு ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த வருட விஞ்ஞான மார்க்கில் பெரிய பங்கு அதற்கு. நன்றாகச் செய்யும் ஒருவரைப் பள்ளிக்கூடம் ஒரு பல்கலைக்கழக நிகழ்ச்சிக்குப் பேச அனுப்பும். அவள் அதற்குப் போக விரும்பினாள். பதினோராம் வகுப்பில் பௌதிகவியல் எடுக்கப்போவதாகவும் சொல்லியிருந்தாள்.

"என்னத்தை அளக்கப்போறாய்?" என்று கேட்டேன்.

"அம்மாட ஷேர்ட் காயிற டைம்."

"உது சயன்ஸோ?"

"ரீச்சர் ஓகே சொன்னவ அங்கிள். ரியல் லைஃப் குவெஸ்ஷன்தான் வேணுமாம்."

எதிரில் இருந்தவன் சிரித்தான். அதே கிரிக்கெட்காரன்தான், இவளுடைய வகுப்பு. "லாண்ட்ரி புரொஜெக்ட்" என்றான்.

"உன்ர லாண்ட்ரி உன்ர அம்மா செய்யிறா. அதுதான் உனக்கு சயன்ஸ் தெரியேல்லை" என்றாள் அவள்.

இலையுதிர் காலத்தில் அளக்கத் தொடங்கினாள். காய்ந்த சட்டையைக் குசினித் தராசில் நிறுத்து வைத்துக்கொண்டாள். நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டு, கால் மணிக்கு ஒருதரம் எடுத்து நிறுத்தாள். நிறை பழையபடி வந்தால் காய்ந்தது என்று கணக்கு. வெப்பநிலையைக் கைபேசியில் பார்த்து எழுதினாள். அட்டவணையில் நான் சொல்லிக்கொடுக்காத இன்னொரு நிரலும் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டில் ஒரு உயரமான பனை மாதிரி மரம் நின்றது. அது ஆடாமல் நின்றால் சுழியம், கொஞ்சம் ஆடினால் ஒன்று, நன்றாக ஆடினால் இரண்டு. மேலே 'மரம்' என்று தமிழில் எழுதியிருந்தாள். அவளுக்கு எழுதத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் அதிகம் இல்லை.

பதினாறு நாள் அளந்தாள். சனிக்கிழமை தாளைக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். தாளில் தண்ணீர் பட்டுக் காய்ந்த அடையாளங்கள் இருந்தன. வெப்பநிலையைக் கிடை அச்சிலும் காயும் நேரத்தை நிலைக்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளிகளைக் குறித்தாள். கைநிறைய அரிசியை எறிந்ததுபோல் அவை தாளெங்கும் கிடந்தன.

"இட்ஸ் எ மெஸ் அங்கிள்" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். நல்ல வெயில் நாள் ஒன்றில் சட்டை பின்னேரம் வரை காயவில்லை. குளிரான ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்குள் காய்ந்திருந்தது.

"இது ரெண்டும் பிழை. நேரத்தை மாறி எழுதிப்போட்டாய்."

"இல்லை அங்கிள். அண்டைக்கு மரம் நல்லா ஆடினது."

"மரம் ஆடுறதை அடிமட்டத்தால அளப்பியோ?"

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். "அளக்க ஏலாததை அட்டவணையில போடக்கூடாது பிள்ளை" என்றேன்.

புதிய வரைபுத்தாள் ஒன்றை எடுத்தேன். அடிமட்டத்தை வைத்துக் கோட்டைக் கீறினேன். வெப்பம் கூடக் கூட நேரம் குறைய வேண்டும். இடமிருந்து வலமாக ஒழுங்காக இறங்கும் கோடு. ஒத்துவராத ஐந்து வாசிப்புகளை எடுத்துவிட்டு, புதிதாக ஐந்து புள்ளிகளை வைத்தேன். இரண்டு மேலே, இரண்டு கீழே, ஒன்று கோட்டில். பிறகு அவற்றுக்கு நாள்கள் தேவைப்பட்டன. அவளுடைய அட்டவணையில் ஒரு கிழமை வெறுமையாக இருந்தது. இடைவெளி சீராக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று, கராஜ் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்து அந்தக் கிழமையிலும் ஒரு நாளைப் போட்டேன். மர நிரலை வெட்டினேன். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கை பழகிய வேலை.

அவள் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஓகேயா அங்கிள்?"

"முப்பது வருசம் நான் செய்தது" என்றேன். "நீ இதைக் கொண்டு போ. உன்ர தாளை நான் வைச்சிருக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் அதை அப்படியே தட்டச்சுச் செய்திருக்கிறாள். நாள்களைச் சரிபார்க்கவில்லை. நான் போட்டவற்றில் ஏன் பிழை இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பாள்.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை.

"அவ வரமாட்டா அங்கிள்" என்றான் கிரிக்கெட்காரன். "புரொஜெக்டுக்கு ஸீரோ."

"ஏன்?"

"ஃபேக் டேட்டா. நாங்கள் காம்ப் போன நாளிலயும் ஷேர்ட் காயப் போட்டிருக்கிறா."

பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "புளூ மவுண்டன்ஸில நிண்டு கையை நீட்டிக் காயப் போட்டிருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடக் காம்புக்கு அவர்களைக் கூட்டிப்போனதும் புரொஜெக்டைத் திருத்தியதும் ஒரே விஞ்ஞான ரீச்சர்தான். நான் கலண்டரில் பார்த்துப் போட்ட நாளில் அந்தப் பிள்ளை மலையில் அவர் முன்னால் நின்றிருக்கிறாள்.

"ஆராவது உதவி செய்ததோ எண்டு கேக்கேல்லையோ?" என்றேன். என் குரல் சாதாரணமாகவே இருந்தது.

"கேட்டவை. நோ எண்டிட்டா. தானே மேக் அப் பண்ணினதாம். எனக்கு மெசேஜ் போட்டவ." பிறகு, "இப்ப யூனிவர்சிற்றியில பேச நான் போறன்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

அவன் அன்று அந்தக் கராஜில் இருந்தவன். நான் கோடு கீறியதைப் பார்த்திருக்கவும் கூடும், பார்க்காமலும் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. கொப்பியைத் திறக்கச் சொல்லி, வட்ட வரைபில் பாகையைக் கணக்கிடும் முறையைப் பன்னிரண்டு மணி வரைக்கும் படிப்பித்தேன். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல இருந்தது. தொட்டால் தெரிகிறது, நோகவில்லை. அந்த விறைப்பு அன்றோடு போய்விடும் என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் போய் மனைவியிடம் சொன்னேன்.

"போய்ச் சொல்லுங்கோ" என்றாள். "தூக்கிலயோ போடப்போயினம்?"

"வகுப்பை மூட வேண்டி வரும்."

"மூடினால் கராஜில காரை விடலாம்."

திங்கட்கிழமை பிற்பகல் தோய்த்து மினுக்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலோடு அலுவலகம். வருபவர்கள் பதிவதற்கு மேசையில் ஒரு திரை வைத்திருந்தார்கள். பெயரை அடித்தேன். அடுத்து, வந்த காரணம். பெற்றோர், தொண்டர், திருத்தவேலை, பொருள் கொண்டு வந்தவர் என்று நாலு பெட்டி. ஒன்றைத் தொட்டால்தான் கதவு திறக்கும். நான் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்தீர்களா என்று ஆங்கிலத்தில் அன்பாகக் கேட்டார். மன்னிக்க வேண்டும், பள்ளிக்கூடம் மாறி வந்துவிட்டேன் என்றேன். பரவாயில்லை, எந்தப் பள்ளிக்கூடம் என்று சொன்னால் வழி காட்டுகிறேன் என்றார். வேறொரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு தாளில் வழி கீறித் தந்தார். நன்றி சொல்லிவிட்டு அந்தத் தாளோடு பஸ் ஏறினேன்.

மனைவியிடம் ரீச்சர் இல்லை என்றேன். "பின்னை நாளைக்குப் போங்கோ" என்றாள். அடுத்த நாள் நான் போகவில்லை. புதன்கிழமையும் கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு தாய் வந்தார். வேலைக்குப் போகும் வழியில், நீலச் சட்டையோடு. என் புத்தகம் ஒன்றைத் திருப்பித் தந்தார்.

"அவவுக்கு இந்தத் தவணை பள்ளிக்கூட வேலை கூட, மாஸ்டர். இனி வரமாட்டா."

"அதுக்கென்ன. படிக்கட்டும்."

அவர் போகவில்லை. கராஜ் வாசலில் நின்று வெள்ளைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு வட்ட வரைபு அரைவாசி அழிந்து கிடந்தது.

"வேறை ஒண்டும் இல்லையோ மாஸ்டர்?"

"இல்லை" என்றேன்.

"அப்ப நான் போட்டு வாறன்."

ஏன் பேசாமல் இருந்தேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. கோயிலில் என்னைக் கண்டால் எழும்பிக் கதிரை தருவார்கள். அந்தக் கதிரையை விட எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். கோட்டை முதலில் கீறும் வழக்கத்தையாவது அன்றோடு விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விடவில்லை. அடுத்த வருடமும் இரண்டு பிள்ளைகளுக்கு அப்படிச் செய்து கொடுத்தேன். நாள்களை மட்டும் கவனமாகப் போட்டேன்.

அவள் பதினோராம் வகுப்பில் பௌதிகவியல் எடுக்கவில்லை, வணிகம் எடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். பெண்டில் ஹில் கடையில் தாயைக் காண்பேன். "சுகமோ மாஸ்டர்" என்பார். "சுகம்" என்பேன். நான் கறிவேப்பிலையைத் தெரிவு செய்துகொண்டே இருப்பேன், அவர் போகும் வரைக்கும். இப்படி நாலு வருடம் போனது.

இந்த வருடம் முழங்கால் ஏலாமல் வகுப்பை நிறுத்தினேன். குளிர் தொடங்கிய ஒரு பிற்பகல் கராஜைத் துப்புரவாக்கும்போது பழைய கோப்பு ஒன்றில் அவளுடைய தாள் கிடந்தது. தண்ணீர் அடையாளங்களோடு, மர நிரலோடு. எறிவதற்குத்தான் எடுத்தேன். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். வரைபுத்தாள் ஒன்றும் மூன்று நிறப் பென்சில்களும் மேசையிலேயே கிடந்தன. பதினாறு வாசிப்புகளையும் குறித்தேன். மரம் ஆடாத நாளுக்குச் சிவப்பு, கொஞ்சம் ஆடிய நாளுக்குப் பச்சை, நன்றாக ஆடிய நாளுக்கு நீலம்.

அரிசியை எறிந்ததுபோல் இல்லை. சிவப்பெல்லாம் மேலே ஒரு வரிசை. பச்சை நடுவே. நீலம் கீழே. மூன்று வரிசையும் இடமிருந்து வலமாக ஒன்றுபோலவே இறங்கின. நான் பிழை என்று சொன்ன வெயில் நாள் சிவப்பில் தன் இடத்தில் இருந்தது. குளிர் நாள் நீலத்தில் தன் இடத்தில் இருந்தது. நான் தூக்கியெறிந்த ஐந்தும் அப்படியே. அவற்றை எடுத்துவிட்டால் மூன்று வரிசை இருப்பதே தெரியாது. பதினைந்து வயதுப் பிள்ளை, குசினித் தராசை வைத்துக்கொண்டு, ஒரு வாசிப்புக்கூடப் பிழையாக எடுக்கவில்லை.

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறீங்கள்?"

"அவள் சரியா அளந்திருக்கிறாள். காத்துத்தான் காரணம்."

தாளை எட்டிப் பார்த்தாள். "காத்தடிச்சா உடுப்புக் காயும் எண்டு கண்டுபிடிக்க உங்களுக்கு நாலு வருசமோ? என்னட்டைக் கேட்டிருக்கலாமே. இவ்வளவு காலமும் உங்கட சட்டையை ஆர் காயப் போட்டது?"

தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, "இண்டைக்கே போங்கோ" என்றாள்.

அவர்கள் வீடு நடக்கும் தூரம்தான். தாய் கதவைத் திறந்தார். அன்று விடுமுறை போலும். வீட்டுச் சட்டையில் இருந்தார். என்னைக் கண்டு ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"வாங்கோ மாஸ்டர். இருங்கோ."

இருந்தேன். பையிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்து மேசையில் வைத்தேன். "அந்தப் புரொஜெக்ட்டில பிடிபட்ட நாளை நான்தான் போட்டனான். அஞ்சு வாசிப்பு நான் போட்டது" என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனம்.

"தெரியும்" என்றார். "அவ அண்டைக்கே சொன்னவ. பள்ளிக்கூடத்தில சொல்லப்போறன் எண்டு நான் வெளிக்கிட்டனான். அவதான் விடேல்லை. அங்கிள் தானே வந்து சொல்லுவார் எண்டவ."

"நீங்கள் புத்தகம் தர வந்தது..."

"ஓம். அதுக்குத்தான் வந்தனான்."

நிறத் தாளைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். சிவப்பு, பச்சை, நீலத்தைச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டதாகச் சொல்ல முடியாது, ஆனால் முழுவதும் கேட்டார். பிறகு, "இஞ்ச வாங்கோ" என்று உடுப்புத் தோய்க்கும் சின்ன அறைக்குக் கூட்டிப் போனார்.

மெசினுக்கு மேலே சுவரில் கொப்பித் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மூலைகள் மஞ்சளாகிவிட்டன. அதில் மூன்று சலாகைகள். ஒன்றுக்குக் கீழே அசையாத மரத்தின் படம், அடுத்ததன் கீழே கொஞ்சம் சாய்ந்த மரம், கடைசியின் கீழே நன்றாகச் சாய்ந்த மரம். சலாகைகளின் உயரம் மணித்தியாலத்தில். இடைவெளி சமமாக இருந்தது. அச்சுக்குப் பெயரும் அலகும் இருந்தன. மேலே தலைப்பு, தமிழில்: 'அம்மாட சேட்'.

"ஸீரோ எண்டு கடிதம் வந்த கிழமை கீறித் தந்தவ" என்றார் தாய். "வெயிலைப் பாக்காதேங்கோ, மரத்தைப் பாருங்கோ எண்டவ. அதுக்குப் பிறகு நான் ஈரச் சட்டையோட போகேல்லை."

திரும்பி வந்து மேசையில் கிடந்த என் தாளைப் பார்த்தேன். நான் தலைப்புப் போடவில்லை.

மகள் ஐந்தரைக்கு வந்தாள். வளர்ந்திருந்தாள். ஒரு மருந்துக்கடையில் பகுதிநேர வேலை. கடைச் சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"ஹாய் அங்கிள்."

"பிள்ளை, அந்த அஞ்சு வாசிப்பும்..."

"ஐ நோ. நான் பக்கத்துக் கதிரையில இருந்தனான்."

உண்மைதான். நான் கீறியதைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் நான் கீறினேன் என்று சொல்ல என்ன இருக்கிறது? அவளுக்குத் தெரியாத ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

"நான் உங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்தனான்" என்றேன். "ஆபீஸ் வரைக்கும். பள்ளிக்கூடம் மாறி வந்திட்டன் எண்டு பொய் சொல்லிப்போட்டுத் திரும்பிட்டன்."

பையை இறக்கி வைத்தாள். "எண்டைக்கு?"

"நான் கேள்விப்பட்டதுக்கு அடுத்த திங்கட்கிழமை. பின்னேரம்."

யோசித்தாள். "மண்டே லாஸ்ட் பீரியட் சயன்ஸ். ஆபீசுக்கு அடுத்த ரூமிலதான் இருந்தனான்" என்றாள். கோபம் இருந்ததா என்று அவள் முகத்தில் தேடினேன். தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு களைத்த முகம்.

நிறத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சிவப்பு வரிசையில் விரலை வைத்து மெதுவாக இழுத்தாள். பிறகு பச்சை. பிறகு நீலம்.

"நைஸ்" என்றாள். தாளை மேசையில் திருப்பி வைத்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு எழுதித் தாறன்."

"இப்ப அதால ஒண்டும் மாறாது அங்கிள்."

"ஓம்."

குளிக்கப் போக எழும்பினாள். கதவடியில் நின்று, "எழுதுங்கோ" என்றாள். "அம்மாவுக்கு ஒரு கொப்பி குடுங்கோ. நான் மேக் அப் பண்ணினன் எண்டு ஸ்கூல் மீட்டிங்கில அம்மாதான் வந்து சைன் பண்ணினவ."

அடுத்த நாள் காலையில் எழுதினேன். ஐந்து நாள்களையும் ஐந்து வாசிப்புகளையும் ஒரு அட்டவணையில் போட்டேன். பக்கத்து நிரலில் அவள் உண்மையாக அளந்த ஐந்தையும் போட்டேன். மூன்று நிற வரைபின் பிரதியை இணைத்தேன். அதற்குத் தலைப்புப் போட்டு, தரவுகளைச் சேகரித்தவர் என்று அவள் பெயரை எழுதினேன். பிழையான வாசிப்புகளை இட்டுக்கட்டியவர் என்று என் பெயரையும். மனைவி வாசித்துவிட்டு, "இப்ப நேரா இருக்கு" என்றாள். தபாலில் போட்டேன். இதை எழுதும் வரை பதில் இல்லை. அந்த ரீச்சர் இப்போது அங்கே இருக்கிறாரா என்றும் தெரியாது.

பிரதியைக் கொடுக்கப் போனபோது தாய் வீட்டுக்குப் பின்னால் நின்றார். நீலச் சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மரம் நன்றாக ஆடியது. கடித உறையை நீட்டினேன்.

"கை ஈரம் மாஸ்டர். உந்தக் கதிரையில வையுங்கோ" என்றார். பிறகு, திரும்பாமலே, "காத்தடிக்குது. மேல ஏதும் பாரம் வையுங்கோ."

சட்டைக் கவ்விகள் போட்டிருந்த பெட்டியை உறைக்கு மேல் வைத்துவிட்டு வந்தேன்.